வியர்வை காயாத ஊரிலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் படித்துச் சிரித்து மாளவில்லை. வெளியே நடந்துவிட்டு வந்தால் அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது, சர்க்கரையோ என்று பயமாக இருக்கிறது என்கிறாய். கால்கரியில் ஏப்ரல் பிறந்தும் பனி விடவில்லை அல்லவா, அது செய்கிற வேலைடா. சூடு வெளியே போகாமல் இருக்க, கை கால் தோலில் இருக்கிற ரத்தக் குழாய்களை உடம்பு சுருக்கிவிடும். அந்த ரத்தமெல்லாம் நடு உடம்புக்கு வந்து சேர, ஏதோ தண்ணீர் கூடிப்போச்சு என்று சிறுநீரகம் கொஞ்சத்தை வெளியே தள்ளிவிடுகிறது. விரல் மரத்துப்போவதும் இதனால்தான். உள்ளே இதயத்துக்கும் மூளைக்கும் 37 டிகிரி குறையக்கூடாது, விரல் எப்படிப் போனால் என்ன! ஆனாலும் சர்க்கரையை ஒருதரம் பார்த்துவிடு, நமக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அப்புறம், குளிருக்கு இதமாக என்று ஒரு பெக் போடுவதாக எழுதியிருந்தாயே, அது சுருங்கின குழாயைத் திறந்துவிடும். தோல் கதகதப்பாகத் தெரியும், உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

என் கதை நேர் எதிர். வேலூரில் 41 டிகிரியில் ஸ்கூட்டர் ஓட்டினவன், போன வருஷம் சென்னைக்கு மாற்றலாகி வந்து 36-க்கே நாக்குத் தள்ளுகிறது. காலையில் போட்ட பனியன் பத்து மணிக்குப் பிழிகிற மாதிரி ஆகிவிடும். வியர்வை வந்தால் மட்டும் போதாது, தோலிலேயே காய வேண்டும். ஒரு லிட்டர் காய்ந்தால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழுந்தால் அத்தனையும் வீண். கடல்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் எங்கிருந்து காயும்? வேலூரில் பல் கூசும்படி தண்ணீர் தந்த அதே பானையைத்தான் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன், இங்கே அது சுமாராகத்தான் குளிர்கிறது.

பானை என்றதும் ஞாபகம் வருகிறது. 1770-களில் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர், தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட அதிகமாகக் காய்ச்சிய அறைக்குள் சில நிமிஷம் இருந்துவிட்டு, ஒன்றும் ஆகாமல் வெளியே வந்திருக்கிறார். அதே அறையில் மாட்டிறைச்சி வெந்துபோயிற்று! அங்கே மண் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாராம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் கொதிக்கவில்லை. மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டதும் ஆவியாக வழியில்லாமல் கொதித்துவிட்டது. எனக்கென்னவோ சென்னைக் காற்று அந்த எண்ணெய் மாதிரிதான்.

மே கடைசியில் வருகிறேன் என்கிறாய். வந்த அன்றே மதியத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பிவிடாதே. உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பழகிவிட்டால் வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பும் குறையும். அதுவரை காலையிலும் சாயங்காலமும் அலைந்தால் போதும். மற்ற நேரம் எங்கள் வீட்டு ஏசி அறை உனக்குத்தான், கரண்ட் பில்லை மட்டும் நீ பார்த்துக்கொள்.

அன்புடன்,
மணி