'கொண்டு விட்டுட்டாங்களா?'

ஆசிரியருக்கு வணக்கம்.

கோத்தகிரியில் மூத்தோர் குடியிருப்புக்கு நான் வந்து மூன்று வருடமாகிறது. சமவெளியில் இருக்கும் உறவுக்காரர்கள் இன்னும், "பிள்ளைகள் கொண்டு விட்டுட்டாங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். பழைய வீட்டை விற்று நானே வாங்கிய வீடு இது. சமையல் மட்டும் பொது. காலையில் நடை, மாலையில் கேரம், நடுவில் ரசத்தில் உப்பு போதாது என்று ஒரு சண்டை. (போன வாரம் ஜெயித்தது நான்.)

குறையும் உண்டு. சுமார் 1,800 மீட்டர் உயரக் குளிர் மூட்டுவலிக்கு ஆகாது. பெரிய வைத்தியம் என்றால் கொண்டை ஊசி வளைவுகளில் மேட்டுப்பாளையம் இறங்கி, அப்புறம் கோவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் அந்தப் பாதையும் அடைபடும். வீடு பார்க்க வருகிறவர்கள், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று முதலில் கேளுங்கள். நான் கேட்காமல் வந்துவிட்டவள்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி