கண்டிப்பு தனிச்செய்தியில் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையக் குழுக்களில் விதி மீறியவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டி, 'இப்படிப்பட்டவர்களுக்கு இங்கே இடமில்லை' என்று அட்மின்களே அறிவிக்கும் வழக்கம் பெருகிவிட்டது. இதனால் குழு திருந்துவதில்லை.

அட்மின் தொடங்கிவைத்ததும் ஐம்பது பேர் ஆளுக்கு ஒரு வரி எழுதுவார்கள். எழுதுகிறவருக்கு அது ஒரு வரிதான். வாங்கிக்கொள்பவருக்கு ஐம்பதும் சேர்ந்து விழும். மன்னிப்புக் கேட்க இருந்தவர்கூட அதன்பின் வாதாடுவார், அல்லது வெளியேறுவார். மூலப் பதிவை நீக்கினாலும் ஸ்கிரீன்ஷாட் பலரது போனில் தங்கிவிடும். முன்னும் பின்னும் நடந்த பேச்சு அதில் இருக்காது. ட்விட்டரில் சுமார் 5.6 லட்சம் அரசியல் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒழுக்கமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பதிவு பகிரப்படுவது ஏறத்தாழ 20 சதவீதம் உயர்ந்தது. அட்மினின் சீற்றத்துக்கு மட்டும் விதிவிலக்கு இருக்குமா என்ன?

முதலில் பதிவை நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் பிறர் செய்தியை அட்மின் நீக்கினால் அந்தத் தகவல் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் அங்கே விளக்கம் வேண்டியதில்லை. தனிச்செய்தியில் மூன்று விஷயங்கள் போதும்: எந்தப் பதிவு, எந்த விதி, இனி என்ன செய்யலாம். 'உங்கள் செய்தியில் இன்னொருவரின் போன் எண் இருந்தது. 3-ஆம் விதிப்படி நீக்கினேன். எண் இல்லாமல் மறுபடி போடலாம்.' பண்பு, வளர்ப்பு பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம். மறுபடியும் மீறினால் தற்காலிகத் தடை. டெலிகிராமில் காலக்கெடு வைத்தே ஒருவரின் எழுதும் உரிமையை நிறுத்தலாம். டிஸ்கார்டில் 28 நாள் வரை. குழுவை விட்டு நீக்குவது கடைசியில்தான்.

'கண்ணியம் காக்கவும்' என்பதை விதி என்று சொல்ல முடியாது. அதை வைத்துக்கொண்டு பிடிக்காதவர் எவரையும் தண்டிக்கலாம். 'அனுமதியின்றிப் பிறர் புகைப்படம் பகிரக் கூடாது' என்பதே விதி. அதை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் அறிவியல் குழுவில் விவாதங்களின் தொடக்கத்திலேயே விதிகளை ஒட்டிவைத்துச் சோதித்தபோது, விதிக்கு உட்பட்டு எழுதும் புதியவர்களின் விகிதம் 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியதாக 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

பொய்யான மருத்துவக் குறிப்பும் மோசடி இணைப்பும் வேறு கதை. அவற்றைக் குழுவிலேயே மறுக்க வேண்டும். தனியாகச் சொன்னால் ஏற்கெனவே படித்தவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேராது. அப்போதும் தகவல் ஏன் தவறு என்று எழுதினால் போதும், அனுப்பியவர் பெயர் எதற்கு? மோசடி இணைப்பு என்றால் அவர் கணக்கே களவு போயிருக்கலாம். திருட்டுக் கொடுத்தவரைத் திருடன் என்ற கதையாகிவிடும்.

வாக்குவாதத்தில் தானே ஒரு தரப்பாக இருக்கும் அட்மின், அந்த விவகாரத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டாவது அட்மின் ஒருவர் இருந்தால் அவரிடம் விட்டுவிடலாம். முறையீடு வந்தாலும் அவரே பார்க்கலாம்.

இப்படிக்கு,
இணையக் குழு மட்டுறுத்துநர்கள் சிலர்