விரால் குஞ்சுக்கு விடிய விடிய விளக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் விவசாயப் பக்கத்தில், இரவு முழுக்க விளக்குப் போட்டால் மீன் சீக்கிரம் வளரும் என்று ஒரு துணுக்கு வந்திருந்தது. எந்த மீன், எந்த ஊர் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நான் கண்டனூர் பக்கம் இரண்டு சிமெண்ட் தொட்டியும் ஒரு பண்ணைக்குட்டையும் வைத்து மீன் வளர்க்கிறேன். இதே பேச்சை நம்பிப் போன வருஷம் கையைச் சுட்டுக்கொண்டவன், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

விளக்கு விற்க வந்தவர் நார்வேயில் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அது பொய் இல்லை. அங்கே கடலில் கூண்டு போட்டு வளர்க்கிற சால்மன் மீனுக்குக் குளிர்காலம் முழுக்க இரவும் பகலும் தண்ணீருக்குள் விளக்கு எரிகிறது. சால்மன் பகல் நீளத்தைப் பார்த்துத்தான் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். தயாராகிவிட்டால் வளர்ச்சி நின்று, சதையின் நிறமும் வெளுத்துப்போகும். விளக்கு அந்தக் கணக்கைக் குழப்பி முதிர்ச்சியைத் தள்ளிப்போடுகிறது, தின்ற தீனி சதையாகிறது. ஆனால் நார்வேயின் வடக்கே நடுக்குளிர்காலத்தில் சூரியனே உதிக்காது. நம் காரைக்குடியில் வருஷத்தின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். அந்த ஊர் மீனுக்குச் செய்வதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எப்படிப் பொருந்தும்?

நான் செய்தது இதுதான். விரால் குஞ்சு விட்ட தொட்டிக்கு மேலே இரண்டு எல்இடி விளக்கை மாட்டி விடிய விடிய எரியவிட்டேன். மூன்றாம் நாளே குஞ்சுகள் எல்லாம் தண்ணீர்க் குழாயின் நிழல் விழுகிற ஒரு மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்துகொண்டன. தீனி போட்டாலும் வெளியே வரவில்லை. நெருக்கத்தில் பெரியது சின்னதைக் கடிக்கும், விராலுக்கு அது பிறவிக் குணம். காலையில் வலைக்கரண்டியால் அள்ளினால் பாதி வால் இல்லாமல் வெள்ளையாகக் கிடக்கும். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய்த் திரும்ப வந்தது, பளிச்சென்று விளக்கு எரிந்ததும் மழை அடித்த மாதிரி சடசடவென்று மேலே கட்டியிருந்த வலையில் மோதின. அந்த மாதமே பாதிக்கு மேல் போய்விட்டது.

ஏன் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். நமக்குக் கண் கூசினால் இமையை மூடிக்கொள்ளலாம், கண்மணியும் சுருங்கும். பெரும்பாலான மீன்களுக்கு இமையும் இல்லை, கண்மணியும் அப்படிச் சுருங்காது. விழித்திரைக்குள் இருக்கிற செல்களும் நிறமியும் மெல்ல இடம் மாறித்தான் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பழகுகின்றன, அதற்கு அரை மணி நேரம்கூட ஆகும். போதாததற்கு, மூளையின் மேல்பக்கம் பீனியல் என்று ஒரு சுரப்பி, அது கண்ணின் உதவி இல்லாமலே வெளிச்சத்தை நேரடியாக உணர்ந்துவிடும். இருட்டில் மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், வெளிச்சம் பட்டால் குறைத்துவிடும். மீனுக்கு ராத்திரி என்று தெரிவதே அதனால்தான். விரால், கெளுத்தி எல்லாம் நிழலும் இருட்டும் தேடுகிற சாதி. அதுகளின் ராத்திரியையே பிடுங்கிவிட்டு வளரவில்லையே என்று நான் தீனியை மாற்றிக்கொண்டிருந்தேன்.

வெளிச்சமே கூடாது என்று சொல்லவில்லை. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2010இல் கோபியா என்ற கடல் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்தார்களே, நம் பக்கம் கடல் விரால் என்பார்கள், அந்தக் குஞ்சுக்கு வெளிச்சம் இல்லாவிட்டால் சாப்பாடே இல்லை, இரையைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கும். பெயரில் இரண்டும் விரால்தான், விளக்கு விஷயத்தில் நேர் எதிர். கட்லா, ரோகு இன்னொரு வகை. பகல் நீண்டு வெயில் ஏற ஏறச் சினை முதிர்ந்து, மழைத் தண்ணீர் புரளும்போதுதான் முட்டையிடும். வெளிச்சமும் சூடும் மூளை வழியாக, அதன் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய்ச் சேருகிற சேதி அது. மீன் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் அந்தச் சுரப்பியின் சாற்றையே ஊசியாகப் போட்டுக் கெண்டை இனத்தை முட்டையிட வைத்தார். இன்றைக்கு நாம் வாங்கிவிடுகிற கட்லா, ரோகுக் குஞ்செல்லாம் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான்.

குட்டையில் வெளிச்சத்தின் வேலை வேறு. பச்சைத் தண்ணீரில் இருக்கும் நுண்பாசி வெயிலில்தான் ஆக்சிஜன் தரும், ராத்திரி அதுவே இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அதனால்தான். மேகமூட்டம் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் நான் தீனியைக் குறைத்துவிடுவேன். முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தால் உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும், 30 முதல் 40 செ.மீ. ஆழம். அதற்கு முன்பே மறைந்தால் பாசி அதிகம், உரத்தை நிறுத்த வேண்டியதுதான். இதற்குக் காசே இல்லை. விளக்குத்தான் வேண்டும் என்றால் முன்னிரவில் இரண்டு மணி நேரம் குட்டைக்கு மேல் தாழ்வாக ஒன்று கட்டுங்கள், பூச்சி வந்து விழும், மீன் தின்னும். அது இரைக்கான விளக்கு.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்ததும் எங்கள் பக்கம் நிறையப் பேர் குஞ்சு விடுவார்கள். அதற்கு முன்னால் அந்தத் துணுக்கைத் திருத்தி, எந்த மீனுக்கு எவ்வளவு வெளிச்சம் என்று மீன்வளத் துறையில் விவரம் தெரிந்தவர் ஒருவரை எழுதவைத்து அரைப் பக்கமாவது போடுங்கள். பயிற்சி முகாமிலும் தீனி, தண்ணீர் எல்லாம் சொல்கிறார்கள், வெளிச்சத்தைப் பற்றி நான் போன எதிலும் ஒரு வார்த்தை இல்லை, அதையும் அவர்கள் காதில் போட்டுவையுங்கள். என் தொட்டியில் இப்போது விளக்கு இல்லை. பாதித் தொட்டிக்குத் தென்னங்கீற்று போட்டு, தண்ணீரில் கொஞ்சம் ஆகாயத்தாமரை மிதக்கவிட்டிருக்கிறேன். குஞ்சுகள் அந்தி சாய்ந்ததும் அதன் அடியிலிருந்து தாமாகவே தீனிக்கு வருகின்றன.

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் வாசகர் ஒருவர்,
கண்டனூர் அருகில், சிவகங்கை மாவட்டம்.