26 செ.மீ. என்பது எதன் அளவு? வார்ப்பிரும்புக் காசரோல் பாத்திரத்தின் அளவு விவரம் குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள ரசீதில் உள்ளபடி)

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: 26 செ.மீ. வட்ட வார்ப்பிரும்புக் காசரோல் பாத்திரத்தின் அளவைத் தவறாகத் தெரிவித்தது, மாற்றித் தர மறுத்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்திடம் நான் வாங்கிய, எனாமல் பூசிய 26 செ.மீ. வட்ட வார்ப்பிரும்புக் காசரோல் பாத்திரம் (மூடி போட்டு மெதுவாக வேகவைக்கும் கனமான சமையல் பாத்திரம்), வாங்குவதற்கு முன் தாங்கள் எழுத்து மூலம் தெரிவித்த அளவில் இல்லை. அதற்குப் பதிலாக 28 செ.மீ. பாத்திரம் தருமாறு கேட்டபோது, அளவைத் தேர்ந்தெடுப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை ஏன் ஏற்க முடியாது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வார்ப்பிலோ எனாமலிலோ மூடியின் பொருத்தத்திலோ எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். என் புகார் முழுவதும் அளவைப் பற்றியது மட்டுமே.

தங்கள் விற்பனைப் பக்கத்தில் இந்தப் பாத்திரத்துக்கு மூன்று விவரங்கள் தரப்பட்டுள்ளன: 26 செ.மீ., 5 லிட்டர், 4 முதல் 6 பேர் வரை. இவற்றுள் முதலாவது எந்த இடத்தில் எடுத்த அளவு என்பது பக்கத்தில் எங்கும் இல்லை. வட்டப் பாத்திரத்தில் விளிம்பின் வெளிப்புறம், விளிம்பின் உட்புறம், உள்ளே அடியில் உள்ள சமதளம், கைப்பிடிகளையும் சேர்த்த மொத்த அகலம் என்று நான்கு அகலங்கள் உண்டு. கனமான சுவரும் வளைந்த அடிமூலையும் கொண்ட வார்ப்பிரும்பில் இந்த நான்கும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடும். ஆகவேதான் பணம் செலுத்துவதற்கு முன்பே, 26 செ.மீ. என்பது உள்ளே அடிப்பகுதியில் கிடைக்கும் சமதளத்தின் அகலமா என்று தங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். ஆம், 26 செ.மீ. முழுவதும் சமைக்கும் பரப்புதான் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நம்பித்தான் வாங்கினேன். அதன் நகலை இணைத்துள்ளேன்.

பாத்திரம் வந்ததும், அதில் எதையும் சமைப்பதற்கு முன், அளவுநாடாவும் அளவுக் குவளையும் கொண்டு அளந்து பார்த்தேன். 26 செ.மீ. என்பது விளிம்பின் வெளிப்புற விட்டம். விளிம்பின் உட்புறம் 24.8 செ.மீ. மட்டுமே. சுவர் கீழே இறங்கி உள்நோக்கி வளைந்துவிடுவதால் அடியில் கிடைக்கும் சமதளம் 20 செ.மீ. தான் இருக்கிறது. உள் ஆழம் 10.5 செ.மீ.; கைப்பிடிகளோடு சேர்த்த அகலம் 33 செ.மீ.

6 செ.மீ. வேறுபாடு கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவது. 26 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 531 சதுர செ.மீ.; 20 செ.மீ. விட்டத்துக்கு 314 சதுர செ.மீ. தங்கள் உதவிப் பிரிவு உறுதியளித்த சமையல் பரப்பில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாகவே என் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இத்தகைய பாத்திரத்தை வாங்குகிறவருக்கு அடிப்பரப்பு ஏன் முக்கியம் என்பது அதை விற்கும் தங்களுக்குத் தெரியாததன்று. இறைச்சியையோ காய்கறியையோ முதலில் சூடான அடியில் சிவக்க வதக்கி, பிறகு நீர் சேர்த்து, மூடி, குறைந்த தீயில் நெடுநேரம் வேகவிடுவதற்கே இது பயன்படுகிறது. துண்டுகளுக்கு இடையே இடைவெளி இருந்தால்தான் அவை விடும் நீர் உடனே ஆவியாகி, மேற்பரப்பு நிறம் மாறும். நெருக்கியடித்துப் போட்டால் அந்த நீரிலேயே அவை வெந்துபோகும், சிவக்காது. 4 செ.மீ. பக்கமுள்ள ஒரு துண்டுக்கு, இடைவெளியும் சேர்த்து 25 சதுர செ.மீ. என்று கணக்கிட்டால், 314 சதுர செ.மீ. பரப்பில் ஒரு தடவைக்குப் 12 துண்டுகளுக்கு மேல் வைக்க முடியாது. 531 சதுர செ.மீ. இருந்திருந்தால் 20 துண்டுகள் வரை வைக்கலாம். ஒரே தடவையில் முடிய வேண்டிய வதக்கலை இரண்டாகப் பிரித்துச் செய்யும்போது, முதல் தடவையில் அடியில் ஒட்டிய படலம் இரண்டாவது தடவை முடிவதற்குள் கருகத் தொடங்கிவிடும் என்பது சமைக்கிறவர் அனைவரும் அறிந்ததே.

அடுத்து, 5 லிட்டர் என்ற கொள்ளளவு. இது பொய்யில்லை. விளிம்பு வரை, ஒரு துளி அதிகமானாலும் வழிந்துவிடும் நிலையில், பாத்திரம் ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர் கொள்கிறது. ஆனால் விளிம்பு வரை நிரப்பி யாரும் சமைப்பதில்லை. கொதி எழும்புவதற்கும் கரண்டியைச் சுழற்றுவதற்கும் விளிம்புக்குக் கீழே 3 செ.மீ. விட்டால், எஞ்சுவது 3.5 லிட்டர்தான். தங்கள் பக்கத்தில் உள்ள 4 முதல் 6 பேர் என்ற கணக்கு இந்த 3.5 லிட்டரைக் கொண்டு போட்டதா, 5 லிட்டரைக் கொண்டு போட்டதா என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. அதே தளத்தின் அளவு வழிகாட்டியில் 24 செ.மீ., 28 செ.மீ. ஆகிய இரண்டு பாத்திரங்களுக்கும்கூட அதே 4 முதல் 6 பேர் என்றே எழுதப்பட்டுள்ளது. பொதுவாகச் சந்தையில் 24 செ.மீ. வட்டப் பாத்திரம் விளிம்பு வரை 4 லிட்டரைச் சற்றே தாண்டும்; 28 செ.மீ. பாத்திரம் 6.5 லிட்டருக்கு மேல் கொள்ளும். இத்தனை வேறுபாடுள்ள பாத்திரங்கள் ஒரே எண்ணிக்கையினருக்குப் போதும் என்றால், அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு வாங்குகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

பெட்டியின் மேல் 5 லிட்டர் என்பதற்குப் பக்கத்திலேயே 5 குவார்ட் (மேலைநாட்டுக் கொள்ளளவு அலகு) என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் குவார்ட் 0.946 லிட்டர், பிரிட்டிஷ் குவார்ட் 1.137 லிட்டர். முன்னதன்படி 5 லிட்டர் என்பது ஏறத்தாழ 5.3 குவார்ட், பின்னதன்படி 4.4 குவார்ட். எந்தக் கணக்கிலும் 5 லிட்டர் 5 குவார்ட் ஆகாது. குவார்ட்டில் எழுதப்பட்ட சமையல் குறிப்பைப் பின்பற்றுகிறவர் இதை நம்பினால் என்னவாகும் என்பதைத் தங்கள் யூகத்துக்கே விடுகிறேன். அதே பெட்டியின் முகப்பில் ஒரு முழுக் கோழி, சுற்றிலும் காய்கறிகளோடு, விசாலமாகக் கிடக்கும் படம் உள்ளது. படத்தில் இருப்பது எந்த அளவுப் பாத்திரம் என்பதையும் ஒரு மூலையில் போட்டிருக்கலாம். நிச்சயமாக இந்தப் பெட்டிக்குள் இருந்த பாத்திரம் அது இல்லை.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கள் பக்கத்தில் பெட்டியோடு சேர்த்த அனுப்பீட்டு எடை மட்டுமே இருக்கிறது. நான் நிறுத்துப் பார்த்ததில் பாத்திரம் 3.6 கிலோ, மூடி 1.8 கிலோ, ஆக 5.4 கிலோ. 3.5 லிட்டர் அளவுக்கு உணவு நிரம்பியிருந்தால் மொத்தம் 9 கிலோவை நெருங்கும். அந்தச் சுமையைச் சூடான ஓவனுக்குள்ளிருந்து, குனிந்த நிலையில், கையுறை அணிந்த கைகளால் வெளியே எடுக்க வேண்டும். 28 செ.மீ. பாத்திரம் இதைவிடவும் கனமானது என்பதை நன்கு அறிந்தே அதைக் கேட்கிறேன். என்னால் தூக்க முடியும். மணிக்கட்டு வலிமை குறைந்த ஒருவருக்கோ, வயது முதிர்ந்த ஒருவருக்கோ, கொள்ளளவுக்கு முன்னால் எடைதான் அளவைத் தீர்மானிக்கும். அவர்கள் முடிவெடுப்பதற்கு வேண்டிய அந்த எண்ணைத் தாங்கள் வெளியிடவே இல்லை. மூடியின் குமிழ் வரையிலான உயரமும் அப்படியே. இந்தப் பாத்திரத்துக்கு அது 17 செ.மீ. ஓவனின் தட்டுக்கும் மேற்கூரைக்கும் இடையே அதைவிடக் குறைந்த இடைவெளி உள்ளவர்கள், பாத்திரம் வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உள்ளே போகாது என்பதை அறிவார்கள்.

என் முதல் புகாருக்குப் பதில் எழுதிய தங்கள் அலுவலர், 28 செ.மீ. இருப்பில் இல்லாத பட்சத்தில் நீள்வட்ட 29 செ.மீ. பாத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம், அது 26-ஐவிட 3 செ.மீ. பெரியது என்று யோசனை கூறியிருந்தார். நீள்வட்டத்துக்குச் சொல்லப்படும் எண் அதன் நீளம் மட்டுமே. அகலம் அதைவிடப் பல செ.மீ. குறைவு. சந்தையில் உள்ள 29 செ.மீ. நீள்வட்டப் பாத்திரங்கள் பெரும்பாலும் 5 லிட்டருக்கும் குறைவாகவே கொள்கின்றன. மேலும், வார்ப்பிரும்பு சூட்டை நெடுநேரம் தாங்கி வைத்திருக்குமே தவிர, அதைப் பக்கவாட்டில் பரப்புவதில் மந்தமானது. அதன் வெப்பங்கடத்தும் திறன் அலுமினியத்தின் திறனில் நான்கில் ஒரு பங்கு அளவே. வட்டமான பர்னரின் மேல் நீள்வட்டப் பாத்திரத்தை வைத்தால் நடுப்பகுதி கொதிக்கும்போது இரு முனைகளும் பின்தங்கிவிடும். நீண்ட இறைச்சித் துண்டை முழுதாக வைத்து, பெரும்பகுதி நேரம் ஓவனில் சமைக்கிறவருக்கு நீள்வட்டம் ஏற்றது. நான் அடுப்பின் மேல் சமைக்கிறவன் என்பதை முதல் கடிதத்திலேயே தெரிவித்திருந்தேன். அது படிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இருக்கும் பாத்திரத்திலேயே சமாளித்துக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். எனக்கு ஒரு வேளைக்கு 4.5 லிட்டர் வரை சமைக்க வேண்டியிருக்கிறது. 3.5 லிட்டருக்கு மேல் இடமில்லாத பாத்திரத்தில் அதைச் சமைத்தால், கொதி மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும், கிளறவும் முடியாது. அதற்காக எல்லோரும் பெரியதையே வாங்க வேண்டும் என்பதும் என் வாதம் இல்லை. இரண்டு பேருக்கான அளவை 28 செ.மீ. பாத்திரத்தில் வைத்தால், நீர் அகன்ற அடியில் மெல்லிய படலமாகப் பரவி, நினைத்ததைவிட விரைவில் வற்றி, அடி பிடித்துவிடும். பாத்திரத்தில் பாதி முதல் முக்கால் பங்கு வரை நிரம்பும்படி சமைக்கும்போதுதான் இது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அந்தப் பாதியும் முக்காலும் எத்தனை லிட்டர் என்பதை வாங்குகிறவர் கணக்கிட வேண்டுமானால், அதற்கான எண்கள் விற்கிறவரிடமிருந்து வர வேண்டும். அளவைத் தேர்ந்தெடுப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. எதிலிருந்து தேர்ந்தெடுக்கிறோம் என்பதைச் சரியாகச் சொல்வது தங்கள் பொறுப்பு. அதை எழுத்து மூலம் கேட்ட பிறகும் தவறாகச் சொல்லிவிட்டு, விளைவை மட்டும் என் மீது சுமத்துவது முறையாகாது.

தங்கள் மறுப்புக் கடிதத்தில் இன்னொரு காரணமும் கூறப்பட்டுள்ளது: பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றப்பட்டதால் அது பயன்படுத்தப்பட்ட பொருளாகிவிட்டது என்பது. உள்ளே எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதைத் தண்ணீர் ஊற்றாமல் அறிய வேறு வழி இருந்தால் அன்புகூர்ந்து தெரிவிக்கவும். பாத்திரம் அடுப்பில் ஏற்றப்படவில்லை, எண்ணெய் படவில்லை, அடியில் கீறலோ கறையோ இல்லை. அளந்த பிறகு துடைத்து, உலர்த்தி, விளிம்பில் தாங்கள் பொருத்தியிருந்த பாதுகாப்புத் துண்டுகளை மீண்டும் வைத்து, அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். தங்கள் ஆள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

எனவே நான் கேட்பவை இவை. 26 செ.மீ. பாத்திரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதே வகை 28 செ.மீ. வட்டப் பாத்திரத்தை அனுப்ப வேண்டும். விலையில் உள்ள வேறுபாட்டை நான் செலுத்தத் தயார். இரு வழி அனுப்புச் செலவைத் தங்கள் நிறுவனமே ஏற்க வேண்டும். இவ்வளவு கனமான பொருளுக்கு அந்தச் செலவு சிறியதாக இராது என்பதும், தவறான பதில் தங்களிடமிருந்து வந்தது என்பதும் இதற்குக் காரணம். 28 செ.மீ. இருப்பில் இல்லையென்றால் செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். நீள்வட்டப் பாத்திரமோ, அடுத்த கொள்முதலுக்கான தள்ளுபடிக் கூப்பனோ எனக்கு வேண்டாம். புதிய பாத்திரத்தை அனுப்புவதற்கு முன், அதன் உள் அடிச் சமதளத்தின் விட்டம், உள் ஆழம், குமிழ் வரையிலான உயரம், பாத்திரம் மூடி இரண்டின் எடை ஆகியவற்றை அளந்து எழுதி அனுப்பவும். கிடங்கில் ஒரு பெட்டியைத் திறந்தால் சில நிமிடங்களில் முடியக்கூடிய வேலை இது.

இதே விவரங்களை விற்பனைப் பக்கத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே வெளியிட்டு, கொள்ளளவு விளிம்பு வரையிலானது என்பதைக் குறிப்பிட்டு, குவார்ட் கணக்கையும் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என் பாத்திரத்தை மாற்றித் தருவதற்கு அந்தத் திருத்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். அதற்குள் பதில் வராவிட்டால், வாங்குவதற்கு முன் தாங்கள் அனுப்பிய பதிலையும் என் அளவுகளின் படங்களையும் இணைத்து நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதின் நகல், வாங்குவதற்கு முன் உதவிப் பிரிவு அனுப்பிய பதிலின் நகல், மறுப்புக் கடிதத்தின் நகல், அளவுநாடாவோடு எடுத்த பாத்திரத்தின் படங்கள்.