நார்த் எல்பாவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. பதில் போட வெகுநாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. குளிர் எப்படி என்று கேட்டிருந்தாய். மே பிறந்தும் நியூயார்க் மாநிலத்து இந்த லேக் பிளாசிடில் வெயில் படாத மூலைகளில் பனி கிடக்கிறது. ஜனவரியில் மைனஸ் 20 வரை போனது, மூச்சு விட்டால் மூக்குக்குள்ளேயே உறைகிற மாதிரி இருக்கும். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, வேலையே ஹோட்டல் சமையற்கட்டில்தானே. புளிதான் கிடைப்பதில்லை. எலுமிச்சை பிழிந்து ரசம் வைக்கிறேன், அம்மா கைவாசனை வரமாட்டேன் என்கிறது. பனிச்சறுக்குக் கூட்டம் போய்விட்டது, கோடைக் கூட்டம் இன்னும் வரவில்லை. அதனால் வாரத்தில் சில நாள்தான் வேலை. நல்லதுதான், உடம்புக்கு ஓய்வு.

எதிர்வீட்டுப் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தேனே, டிசம்பர் 2 அன்று முழங்கால் பனியில் பூவோடு கிளம்பிப் போனாரே, அவர் எங்கே போனார் என்று இப்போது தெரிந்துவிட்டது. அடிமைமுறையை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஜான் பிரௌன் என்ற வெள்ளைக்காரரை 1859இல் தூக்கிலிட்ட நாள் அது. அவருடைய பண்ணைவீடும் கல்லறையும் நார்த் எல்பாவில், இங்கிருந்து நடந்தே போகலாம். வேலையில்லாத நாட்களில் நானும் பாட்டியோடு போகிறேன். ஏதோ சொந்தப் பெரியப்பா மாதிரி அவரைப் பற்றிப் பேசுவார். சிறிய மரவீடு, பக்கத்தில் பெரிய பாறை, அதனருகே கல்லறை. அந்தக் கல்லறைக் கல் பிரௌனுடைய தாத்தாவுடையது. கனெக்டிகட்டிலிருந்து கொண்டுவந்து, அதிலேயே தன் பெயரையும் பொறிக்கச் சொன்னாராம்.

அக்கா, இந்த மனிதர் ஏன் இந்தக் குளிர்க்காட்டுக்கு வந்தார் தெரியுமா? அந்தக் காலத்தில் நியூயார்க் மாநிலத்தில் கறுப்பின ஆண் ஓட்டுப் போட வேண்டுமானால் 250 டாலர் சொத்து இருக்க வேண்டும். கெரிட் ஸ்மித் என்ற பணக்காரர் 1846இல் இந்தக் காட்டுப் பக்கத்தில் இருந்த தன் நிலத்தை ஆளுக்கு 40 ஏக்கர் என்று சுமார் 3,000 கறுப்பினத்தவருக்குக் கொடுக்க முன்வந்தார். வந்து குடியேறியவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கு ஒத்தாசையாக இருக்க 1849இல் பிரௌன் குடும்பத்தோடு வந்தார், நிலத்தை அளந்து எல்லை காட்டிக் கொடுத்தார். அந்த வருஷம் வழிதவறி அவர் வீட்டுக்கு வந்த ஒரு வெள்ளைக்கார எழுத்தாளர், கறுப்பினத்தவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் பிரௌன் அவர்களை மிஸ்டர், மிஸஸ் என்று மரியாதையாக அழைப்பதையும் பார்த்து ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார். அதைக் கேட்டபோது அப்பாவுக்கு டீக்கடையில் தனி டம்ளர் கொடுத்ததைத்தான் நினைத்தேன்.

வியாபாரத்தில் பிரௌனுக்கு நஷ்டம்தான். தோல் பதனிட்டார், கம்பளி விற்றார், 1842இல் திவாலானார். கடன்காரர் என்று இன்றைக்கு யாரும் அவரை நினைப்பதில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கிறது.

1856இல் கன்சாஸில், பொட்டவாட்டமியில், அவர் ஆட்கள் அடிமைமுறைப் பக்கம் நின்ற ஐந்து பேரை ராத்திரியில் வீட்டிலிருந்து இழுத்து வந்து வாளால் வெட்டினார்கள். அதை என்னால் சரி என்று சொல்ல முடியாது. பாட்டியிடமும் சொன்னேன், அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் லட்சக்கணக்கானவர்களைச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்த நாட்டில், பேசிப் பேசிப் பயனில்லை என்று பிரௌன் முடிவு செய்தது ஏன் என்று புரிகிறது.

1859 அக்டோபரில் 21 பேரோடு அன்றைய வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் அரசாங்க ஆயுதக்கிடங்கைப் பிடித்தார். அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்து மலைக்குள் போவது திட்டம். இரண்டு நாளில் ராணுவம் முடித்துவிட்டது. வாட்சன், ஆலிவர் என்று இரண்டு மகன்களையும் அங்கே பறிகொடுத்தார். பிடிபட்டுத் தூக்குத்தண்டனை விதித்தபோதும் உயிரைக் காப்பாற்ற யாரிடமும் கெஞ்சவில்லை. அவர் மனைவி மேரியம்மாதான் உடலை ரயிலில் இவ்வளவு தூரம் கொண்டுவந்தார். அடக்கத்தில் பாடியது பக்கத்துப் பண்ணைக் கறுப்பினக் குடும்பம். ஆறு வருஷத்தில், பெரிய போருக்குப் பிறகு, நாடு முழுவதும் அடிமைமுறை ஒழிந்தது.

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குப் போன அந்தக் குழுவில் டேஞ்சர்ஃபீல்ட் நியூபி என்று ஒருவர். அவர் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவர், மனைவி ஹாரியட்டும் பிள்ளைகளும் வர்ஜீனியாவில் அடிமைகள். அவர்களை விலை கொடுத்து மீட்கப் பணம் சேர்த்தும் முதலாளி விடவில்லை. குழுவில் முதலில் செத்தவர் அவர்தான். ஹாரியட்டின் கடிதங்கள் அவரிடம் இருந்தன. சீக்கிரம் வந்து என்னை வாங்கிக்கொள், இல்லையென்றால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாள். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது என்றும். பிறகு அவளை லூசியானாவுக்கு விற்றுவிட்டார்கள். நியூபியின் எலும்புகளை 1899இல் இங்கே கொண்டுவந்து பிரௌனுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

நம் பாப்பா தவழ்கிறாள் என்று நீயும் எழுதியிருந்தாய். கல்லறைப் பக்கத்தில் நின்று அதைத் திரும்பப் படித்தேன் அக்கா, அழுகை வந்துவிட்டது. உங்கள் எல்லாரையும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நான் நினைத்தால் விமானம் ஏறி வந்துவிடலாம், வருவேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். காதுகுத்தை ஆவணிக்குத் தள்ளிவைக்க அத்தானிடம் கேட்டுப் பார். தாய்மாமன் மடி நான்தான், சித்தப்பா மகனை உட்கார வைக்காதே. தோடும் சீரும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ யாரிடமும் கைமாற்று வாங்காதே. இந்த மாதப் பணம் கொஞ்சம் பிந்தி வரும், பயப்பட ஒன்றுமில்லை. அப்பாவின் கண் ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுத் தேதி வாங்கு. கிணற்றடி நிலத்துப் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. பெரியப்பா கையெழுத்து கேட்டால் நான் வரும்வரை போட வேண்டாம் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்.

உன் அன்புத் தம்பி