அப்பாவின் தண்ணீர் டம்ளரைக் கவனித்த அத்தைக்கு

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து அப்பா இன்று எங்களோடு சாப்பிடுகிறார் என்றால், முதல் நன்றி அத்தைக்குத்தான். தினமும் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்ட நாங்கள் யாரும் பார்க்காததை, இரண்டு நாள் தங்கிப்போக வந்த அவர் பார்த்தார். "அண்ணன் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கிறாரே, எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. யோசித்த பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது: கெட்டியாக இருப்பதைத் தட்டில் ஒதுக்கி வைத்தது, எல்லோரும் எழுந்த பிறகும் மென்றுகொண்டே இருந்தது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டது. பல் சரியில்லை என்றார், நம்பிவிட்டோம். நெஞ்செரிச்சல் மாத்திரையிலேயே நான்கு மாதம் ஓடிவிட்டது.

அப்புறம் எங்கள் குடும்ப டாக்டர். இன்னொரு மாத்திரை எழுதி அனுப்பாமல், எங்கே சிக்குகிறது, கெட்டியானது மட்டுமா அல்லது நீராகாரமும் சேர்ந்தா, எடை எவ்வளவு குறைந்தது என்று பொறுமையாகக் கேட்டார். உணவுக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும், அதனால் உள்ளே கட்டி வளர்ந்து பாதை நன்றாகக் குறுகிய பிறகுதான் விழுங்கக் கஷ்டம் தெரியும், தெரிந்தபின் நாள் கடத்தக் கூடாது என்று சொல்லி அந்த வாரமே எண்டோஸ்கோபிக்கு, அதாவது வாய்வழியாகக் கேமரா குழாய் விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்பினார். அங்கே எடுத்த சதைத் துணுக்கைச் சோதித்ததில் (பயாப்ஸி) புற்றுநோய் என்று வந்தது. பரிசோதனை முழுக்க அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு "மூக்கால் மூச்சு விடுங்கள் ஐயா" என்று சொல்லிக்கொண்டே இருந்த செவிலியர் தங்கையை அப்பா இன்னும் விசாரிக்கிறார்.

23 நாள் கதிர்வீச்சுக்கும் காரில் கூட்டிப்போன பக்கத்து வீட்டு அண்ணனுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. கட்டி இருந்த உணவுக்குழாய்ப் பகுதியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இரைப்பையைக் குழாய்போல ஆக்கி மேலே இழுத்து இணைத்த அறுவை சிகிச்சைக் குழுவுக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுவதையும் தலைப்பக்கம் உயர்த்திப் படுப்பதையும் சலிக்காமல் சொல்லிக்கொடுத்த உணவியல் நிபுணருக்கும் நன்றி.

எதைக் கவனிக்க வேண்டும் என்று நிறைய பேர் கேட்டீர்கள். விழுங்கும்போது சிக்குவது அல்லது வலிப்பது, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, விடாத இருமல், சரியாகாத குரல் கம்மல், பல வருட நெஞ்செரிச்சல், இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ என்றால் அன்றைக்கே போய்விடுங்கள். புகையும் மதுவும் ஆபத்தைக் கூட்டும், ஆனால் அந்தப் பழக்கம் இல்லை என்பதற்காக அலட்சியமாக இருக்காதீர்கள். விழுங்கக் கஷ்டம் என்றாலே புற்றுநோய் என்றும் இல்லை, அமிலப் புண்ணால் குழாய் சுருங்கினாலும் இப்படி வரும். இரண்டில் எது என்பதை வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது, உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

அத்தை, அடுத்த முறை வரும்போது அப்பாவுக்கு எதிரில் உட்காருங்கள். நேற்று முழுச் சாப்பாட்டுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்தான், அதிலும் பாதி மிச்சம்.