பெரிய மாமாவுக்கு, அந்த உறையைப் பிரித்த பிறகு

அன்புள்ள பெரிய மாமா,

பெர்த்துக்கு விமானம் ஏறும் முன் நீங்கள் என் கையில் திணித்த பழுப்பு உறையைப் போன மாதம்தான் பிரித்தேன். உள்ளே 'செலிப்ரேஷன் டே' ப்ளூரே வட்டு: லெட் செப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இசை நிகழ்ச்சிப் படம். மேலே சுற்றிய கண்ணாடித்தாளில் ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் மகள் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஒருமுறைகூட நீங்கள் போட்டுப் பார்க்கவில்லை. "அந்தக் கிழவர்களைப் பார்த்து நான் என்ன செய்யப் போகிறேன்? டிரம்ஸை மகன் அடித்தால் அப்பன் அடித்த மாதிரி ஆகுமா? நீயே வைத்துக்கொள்" என்றீர்கள்.

நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன இரண்டும் சரியில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இதே படத்தை இதே கோபத்தில் பார்க்காமல் விட்டவர்கள் உங்கள் வயதில் இன்னும் சிலர் இருப்பார்கள் என்ற எண்ணம்தான்.

உங்கள் கோபம் எங்கே தொடங்கியது என்பது எனக்குத் தெரியும். அம்மா சொல்லியிருக்கிறார். 1971இல் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியபோது, செம்பவாங்கில் ஒரு மாலுமி விற்றுவிட்டுப் போன ரிக்கார்டு பிளேயரை சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். கூடவே லெட் செப்பெலினின் மூன்று இசைத்தட்டுகள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர்களே இங்கு வாசிக்க வருகிறார்கள் என்றதும் டிக்கெட்டுக்கென்று பணத்தை எடுத்து வைத்தீர்கள். வந்தவர்களை நாட்டுக்குள் விடவில்லை. தலைமுடி நீளம். காதை மறைத்தாலும் சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினாலும் புருவத்தைத் தொட்டாலும் அது நீளமுடி என்று படம் போட்டு விளக்கிய காலம் அது. நீளமுடிக்காரர்கள் கடைசியில்தான் கவனிக்கப்படுவார்கள் என்ற சுவரொட்டி அலுவலகங்களில் தொங்கிய காலம். அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துவிட்டார்கள். பிப்ரவரி 16 அன்று பெர்த்தில், சுபியாக்கோ ஓவலில், வாசித்தார்கள். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரில்தான், மாமா.

அந்தப் பணத்தில்தான் நான்காவது இசைத்தட்டை வாங்கினீர்கள். அட்டையில் குழுவின் பெயரே இல்லாத அந்தத் தட்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் நான் அதை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் அறைத் தரையில் உட்கார்ந்திருப்பேன். உரிந்த சுவர், சுவரில் மாட்டிய ஒரு படம், படத்தில் முதுகு வளைந்து விறகுக் கட்டைச் சுமக்கும் ஒரு கிழவர். "இவர் யார் மாமா?" என்று கேட்டேன். "இவர்தான் இந்தப் பாட்டையெல்லாம் சுமந்துகொண்டு வருகிறார்" என்றீர்கள். நான் அதை நம்பினேன். இந்த வட்டைப் பார்த்தபோது மறுபடியும் நம்பினேன்.

1980 செப்டம்பரில் குழுவின் டிரம்ஸ்காரர் ஜான் போனம் இறந்தார். அவருக்கு 32 வயது. மூன்று மாதத்தில் குழுவும் கலைந்தது. நீங்கள் தட்டுகளைப் பெட்டியில் போட்டு மூடினீர்கள். அதன் பிறகு நம் வீட்டில் அந்த டிரம்ஸ் ஒலிக்கவே இல்லை.

படத்துக்கு வருகிறேன். 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கு. அவர்களுடைய பாட்டுகளை வெளியிட்ட அட்லாண்டிக் நிறுவனத்தைத் தொடங்கிய அஹ்மத் எர்டெகுனுக்கு அஞ்சலியாக நடந்த நிகழ்ச்சி. நவம்பர் மாதக் கடைசியில் நடந்திருக்க வேண்டியது. கிட்டார்காரர் ஜிம்மி பேஜ் விரல் எலும்பு முறிந்து தள்ளிப்போனது. டிக்கெட்டுக்கு 2 கோடி விண்ணப்பங்கள் குவிந்தன என்று அப்போது செய்தி வந்தது. அன்று பேஜுக்கு 63 வயது, பாஸும் கீபோர்டும் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸுக்கு 61, பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்கு 59. டிரம்ஸில் ஜான் போனமின் மகன் ஜேசன் போனம், வயது 41. ஐந்தாண்டு கழித்து, 2012இல்தான் இது படமாக வெளிவந்தது.

முதல் பாட்டு எது தெரியுமா? 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்'. 1969இல் வந்த அவர்களுடைய முதல் தட்டின் முதல் பாட்டு. ஜான் போனம் என்ற பெயரை உலகம் கேட்டதே அதில்தான். ஒற்றைக் காலால் பெரிய டிரம்மில் அவர் உருட்டிய அந்த மும்மூன்று அடிகளை, 'இது ஒரு காலா, இரண்டு காலா' என்று உலகத்து டிரம்ஸ்காரர்கள் திகைத்துக் கேட்ட இடத்தை, மகன் எடுத்த எடுப்பிலேயே தொடுகிறார். தப்பித்துக்கொள்ள எத்தனையோ எளிய பாட்டுகள் இருந்தன. அப்பாவின் காலடியிலிருந்தே தொடங்குகிறார்.

"மகன் அடித்தால் அப்பன் அடித்த மாதிரி ஆகுமா?" என்று கேட்டவர், நீங்கள்தான் என்னைத் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கூட்டிப்போய் நாகஸ்வரக் கோஷ்டியின் பக்கத்திலேயே நிறுத்தியவர். தவில்காரர் அருகே தாளம் போட்டுக்கொண்டிருந்த சிறுவனைக் காட்டி, "பார், இவன் கையில் அப்பனுடைய தவில் ஏறிக்கொண்டிருக்கிறது" என்றீர்கள். 1976இல் வந்த அவர்களுடைய பழைய படத்தில் போனமின் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் சின்ன டிரம்ஸை வைத்துக்கொண்டு அடிப்பான், நினைவிருக்கிறதா? அதே பையன்தான் இவர். நம் ஊரில் இதற்கு நாம் விளக்கம் கேட்பதில்லை. லண்டன்காரருக்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

'காஷ்மீர்' பாட்டுக்கு நான் என் முழங்கால்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்லித் தந்த கணக்கு: இடது கை நான்கு நான்காக, வலது கை மூன்று மூன்றாக. டிரம்ஸ் நான்கில் அசையாமல் நிற்கிறது; கிட்டார் மூன்றில் சுற்றிச் சுற்றி ஏறுகிறது; பன்னிரண்டாவது அடி முடிந்ததும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து இறங்குகின்றன. சதுஸ்ரமும் திஸ்ரமும் சண்டை போடாமல் நடக்கும் பாட்டு இது என்பீர்கள். ஜேசன் அந்த நான்கை விட்டுக்கொடுக்கவே இல்லை. அவசரமும் இல்லை, அலங்காரமும் இல்லை. ஜோன்ஸ் கைகளால் கீபோர்டு வாசித்துக்கொண்டே கால்களால் பாஸ் மிதிக்கிறார். வெகுநேரம் குனிந்த தலை நிமிரவில்லை. இரவு 10.30 தாண்டிவிட்டதால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக ஹெட்ஃபோனில்தான் கேட்டேன். ஆனாலும் அந்த இடத்தில் என் நெஞ்சுக்குள் அடி விழுந்தது.

உங்களுடைய இன்னொரு குறைக்கு வருகிறேன். ஆமாம், கிழவர்கள்தான். பேஜின் முடி வெள்ளையாக இருக்கிறது. பிளான்ட் பழைய உச்சங்களைத் தேடிப் போகவில்லை. சில பாட்டுகளில் சுருதியையே இறக்கி வைத்திருக்கிறார்கள். வயதான வித்வான் அரைக்கட்டை குறைத்துப் பாடினால் நாம் எழுந்து போவதில்லை. இன்னும் கிட்டத்தில் நகர்ந்து உட்காருகிறோம். அந்தப் பிளான்ட் இறங்கிப் பாடும்போது சொற்கள் கேட்கின்றன, மாமா. இளைஞராக இருந்தபோது அவர் குரலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சொற்கள்.

நான் மூன்று முறையும் பார்த்தது வேறொன்றை. அவ்வளவு பெரிய மேடையில் அவர்கள் பரவி நிற்பதே இல்லை. டிரம்ஸைச் சுற்றி, ஒரு சின்ன அறையில் ஒத்திகை பார்ப்பவர்களைப் போல, நெருங்கி நெருங்கி நிற்கிறார்கள். பேஜ் சபைக்கு முதுகைக் காட்டி ஜேசனைப் பார்த்து வாசிக்கிறார். ஒரு திருப்பம் சரியாக விழுந்ததும் ஜோன்ஸ் முகத்தில் சிரிப்பு வருகிறது. 27 ஆண்டுகளுக்கு முன் காலியான இடத்தில் நண்பனின் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். அவன் ஒவ்வொரு அடியையும் மூவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அரங்கத்தில் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது. சிங்கப்பூரில், தோ பாயோவில், என் கூடத்தில், கேமரா பக்கத்தில் போனதால் தெரிந்தது.

அந்தக் குழு சிங்கப்பூரில் ஒருநாளும் வாசித்ததில்லை. உங்களுக்கு வரவேண்டிய இரவு ஒன்று பாக்கியிருக்கிறது என்று நான் சிறு வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கொடுக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

வட்டைத் தபாலில் அனுப்பிவிட்டேன். எனக்கு இன்னொன்று வாங்கிக்கொண்டேன். பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம்தான். வட்டு வந்து சேர்ந்ததும் சொல்லுங்கள்; அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு அழைக்கிறேன். போனை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு, நான் 'சரி' என்றதும் இருவரும் ஒன்றாகப் போடுவோம். 'காஷ்மீர்' வரும்போது நான் மூன்றைத் தட்டுகிறேன். நான்கை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்